'எலீட்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? உயர்குடி, மேட்டுக்குடி, மேல்தட்டு, உயரடுக்கு: ஓர் ஒப்பீடு

மொழிபெயர்ப்பு செய்கிறவர்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஆங்கிலத்தில் 'எலீட்', அதாவது சமூகத்திலோ ஒரு துறையிலோ மேலே இருக்கும் சிறு குழு, என்ற சொல் வந்தால் தமிழில் எதைப் போடுவது? உயர்குடி, மேட்டுக்குடி, மேல்தட்டு, உயரடுக்கு, மேன்மக்கள் என்று ஐந்தாறு சொற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. எதைப் போட்டாலும் எங்கோ இடிக்கிறது. கடைசியில் பலரும் கணினி மொழிபெயர்ப்பு எடுத்துத் தருகிற 'உயரடுக்கு'க்கே வந்து சேர்கிறார்கள்.

தமிழில் சொல் இல்லாததால் இடிக்கவில்லை. 'எலீட்' என்ற சொல் இன்றைய புழக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது: இவர்கள் மேலே போனது எப்படி? பிறப்பாலா, தேர்வாலா, பணத்தாலா, பதவியாலா? தமிழ்ச் சொற்களோ ஆளுக்கொரு பதிலை மடியில் கட்டிக்கொண்டு வருகின்றன. நாம் ஒன்றை எடுத்து எழுதும்போதே அந்தப் பதிலையும் சேர்த்து எழுதிவிடுகிறோம். இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. பிற மொழிகள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் நம் சொற்களின் குணமும் தெளிவாகத் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வேன். மேலே சொன்ன 'எப்படிப் போனார்கள்' என்பது முதல் கேள்வி. அதுதான் மிக முக்கியம். அடுத்தது, இந்தச் சொல் யார் வாயில் இருக்கிறது? அந்தக் குழுவினர் தங்களைத் தாங்களே இப்படி அழைத்துக்கொள்வார்களா, கீழே இருப்பவர்கள் கோபத்தோடு சொல்வதா? மூன்றாவது, சொல்லில் சாதியின் எதிரொலி கேட்கிறதா? பிரான்சைப் பற்றிய கட்டுரையில் அது கேட்டால் தவறு; இந்தியாவைப் பற்றிய கட்டுரையில் கேட்காமல் போனாலும் சில நேரம் தவறு. கடைசியாக, படிக்கிறவருக்கு ஒரே வாசிப்பில் புரியுமா?

## தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்

ஆங்கிலம் 'எலீட்' என்பதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் வேர் 'தேர்ந்தெடு' என்பதுதான். 'எலீத்' என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டது, பொறுக்கி எடுத்தது. இதே வழியில் போன மொழிகள் நிறைய. துருக்கியில் எலீட்டுக்கு 'செச்கின்' என்பார்கள். அதே வேரில் 'செச்சிம்' என்றால் தேர்தல், 'செச்மென்' என்றால் வாக்காளர். அரபியில் 'நுக்பா', அதே வேரில் 'இந்திகாப்' என்றால் தேர்தல். பாரசீகத்தில் 'நொக்பே' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பணக்காரர் அல்ல, அபாரத் திறமையுள்ள மாணவர். ஈரானில் அப்படிப்பட்ட இளைஞர்களுக்கு உதவ அரசு அறக்கட்டளையே அந்தப் பெயரில் இயங்குகிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் அழகான எடுத்துக்காட்டு இருக்கிறது. மலையாளத்தில் 'வரேண்யவர்க்கம்' என்பார்கள். காயத்ரி மந்திரத்தில் வரும் 'வரேண்யம்'தான் அது. வரன், சுயம்வரம் ஆகியவற்றில் இருக்கும் அதே வேர். பொருள், தேர்ந்தெடுக்கத் தகுந்தது. பிரெஞ்சுச் சொல்லுக்கு இவ்வளவு நெருக்கமாக இன்னொன்று நம் பக்கத்தில் கிடைப்பது அரிது.

சீனத்தில் 'ஜிங்யிங்' என்கிறார்கள். முதல் எழுத்தில் அரிசியைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. பழைய பொருள் தீட்டிய அரிசி. இரண்டாவது எழுத்தின் பழைய பொருள் பூ. உமியும் தவிடும் போக நிற்கிற வெள்ளை அரிசி என்ற படிமம் சோறு தின்கிற நமக்கு யாரும் விளக்காமலே புரியும். தவிடு என்று தள்ளப்பட்டவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இந்தக் குடும்பத்துச் சொற்களில் ஒளிந்திருக்கும் செலவு அதுதான். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால் தகுதியால் வந்தவர் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். தேர்வில் கலந்துகொள்ளவே யாருக்கு வாசல் திறந்திருந்தது என்பது மறைந்துபோகும். பிரான்சில் உயர் அதிகாரிகளை உருவாக்க 1945இல் தேசிய நிர்வாகக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்கள். போட்டித் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். ஆனால் உள்ளே போனவர்களில் ஏற்கெனவே மேலே இருந்த குடும்பங்களின் பிள்ளைகளே மிகுதி என்ற குற்றச்சாட்டு தீரவில்லை. அரசுக்கு எதிராக மக்கள் நடத்திய மஞ்சள் சட்டைப் போராட்டத்துக்குப் பிறகு, அதே கல்லூரியில் படித்த அதிபர் மக்ரோன் 2021இல் அதை மூடுவதாக அறிவித்தார். 2022இலிருந்து அந்த இடத்தில் வேறொரு நிறுவனம் இருக்கிறது.

நம் உத்திரமேரூரையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அது பிராமணர் ஊர்ச் சபை. குடத்தில் பெயர் விழவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். எடுக்கப்பட்டது குடத்திலிருந்துதான், குடத்துக்குள் யார் பெயர் போகும் என்பது முன்பே முடிவாகியிருந்தது.

தமிழில் இதற்குச் சமமாக 'தேர்ந்தோர்' என்று எழுதலாம். தேர்தலும் தேர்வும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் துருக்கியையும் அரபியையும் போலவே இதுவும் இயல்பாக அமைகிறது. ஆனால் தனித்து நின்றால் வாசகருக்கு உடனே பிடிபடாது. 'தேர்ந்த' என்று அடைமொழியாக்கினால் நன்றாக வேலை செய்யும்: தேர்ந்த ஓட்டக்காரர்கள், தேர்ந்த படைப்பிரிவு. விளையாட்டு, ராணுவம், அறிவியல் பற்றிய பிரதிகளில் நான் இதைத்தான் போடுவேன். 'உயரடுக்கு வீரர்கள்' என்று படிக்கும்போது, வீரர்கள் ஏதோ மாடிக் கட்டடத்தில் குடியிருப்பதுபோல் இருக்கிறது. இலங்கைத் தமிழில் அரசறிவியல் எழுதுகிறவர்கள் 'உயர்குழாம்' என்பார்கள். துறைக்குள் அது நல்ல சொல். பிறப்பையும் சாதியையும் இழுத்து வராது. தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் முறை ஒரு வரி விளக்கம் தேவைப்படும், அவ்வளவுதான்.

## அப்படியே பிறந்தவர்கள்

இந்தியில் 'அபிஜாத்' என்பார்கள்: நல்ல பிறப்பு உடையவர். வங்காளத்திலும் அதே சொல். பாகிஸ்தானில் அரசியல் பேச்சில் 'அஷ்ராஃபியா' என்று கேட்பீர்கள். 'ஷரீஃப்', அதாவது மேன்மை உடையவர், என்பதன் வழியே வந்தது. கொரியாவின் 'யாங்பான்' சுவையானது. சொல்லின் நேர்ப்பொருள் 'இரண்டு அணிகள்'. அரசவையில் குடிமை அதிகாரிகள் ஓர் அணி, படை அதிகாரிகள் ஓர் அணி. பதவியைக் குறித்த சொல் காலப்போக்கில் பிறப்பைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்: அப்பா சம்பாதித்த பதவி பேரனுக்குக் குலமாகிவிடும்.

தமிழில் இந்த இடத்தில் இருப்பது 'உயர்குடி'. குடி என்ற சொல்லுக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. திருக்குறளில் குடிமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்கிறது. எது சரியான மொழி என்று முடிவு செய்கிற உரிமையையே உயர்ந்தோரிடம் கொடுத்த நூற்பா அது. உயர்ந்தோர் என்றால் பிறப்பால் உயர்ந்தவரா, அறிவால் உயர்ந்தவரா என்ற கேள்வி அந்தச் சொல்லோடு அன்றிலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகிறது.

சரி, செலவு என்ன? 'உயர்' என்பது பாராட்டு. உயர்குடி என்று எழுதும்போது பிறப்பால் ஒருவர் உயர முடியும் என்பதை எழுதுகிறவரும் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. இது சின்ன விஷயம் இல்லை. 2019 ஜனவரியில் அரசியலமைப்பின் 103ஆவது திருத்தம் வந்து 10 சதவீத இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டபோதும், 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்றபோதும், தமிழில் எத்தனை பெயர்கள் வந்தன என்று நினைத்துப் பாருங்கள். உயர்சாதி ஏழைகள், முன்னேறிய சாதியினர், முற்பட்ட வகுப்பினர், பொதுப்பிரிவில் நலிவடைந்தோர். செய்தி ஒன்றுதான். 'உயர்சாதி' என்பவர் ஏணியை அப்படியே ஒப்புக்கொள்கிறார்; 'முற்பட்ட' என்பவர் அதை ஓட்டப்பந்தயமாக்குகிறார்; 'பொதுப்பிரிவு' என்பவர் சாதியே கண்ணில் படாமல் செய்துவிடுகிறார். இந்தியச் சூழலில் பிறப்பு வழி வந்த மேலாண்மையைக் குறிக்க நான் 'உயர்' என்பதை முடிந்தவரை தவிர்க்கிறேன்.

அப்படியானால் உயர்குடி எங்கே நல்லது? பிறப்பு மேன்மை சட்டமாகவே இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது. 1789க்கு முந்தைய பிரான்சின் பிரபுக்கள், கொரியாவின் ஜோசன் அரச மரபுக் காலத்து யாங்பான், பிரிட்டனின் பரம்பரைப் பிரபுக்கள். அவர்கள் தங்களை அப்படித்தான் நினைத்தார்கள், சட்டமும் அப்படித்தான் சொன்னது. அங்கே உயர்குடி துல்லியமான சொல்.

## மேலே இருப்பவர்கள்

இந்த வகைச் சொற்கள் எப்படிப் போனார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லாது. எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லும். தமிழில் மூன்று உண்டு, மூன்றும் ஒன்றல்ல.

'மேட்டுக்குடி' நிலத்திலிருந்து வந்த சொல். மேட்டில் குடியிருப்பவருக்கு மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராது. பள்ளத்தில் இருப்பவருக்கு வரும். அந்தப் படிமத்தில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதனாலேயே எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். யாரும் தன்னை 'நான் மேட்டுக்குடி' என்று பெருமையோடு அறிமுகம் செய்துகொள்வதில்லை. இது பள்ளத்திலிருந்து பார்க்கிற சொல். மேட்டுக்குடி மனோபாவம், மேட்டுக்குடிப் பார்வை என்றெல்லாம் விமர்சனத்தில் இயல்பாக வருவது அதனால்தான். நடுநிலையான புள்ளிவிவர அறிக்கையில் இதைப் போட்டால் எழுதியவர் கட்சி எடுத்ததுபோல் ஆகிவிடும்.

'மேல்தட்டு' வருமானத்தின் பக்கம் சாய்வது. 'அடித்தட்டு' என்ற ஜோடி இருப்பதால் வாசகருக்கு உடனே புரியும். சாதியின் எதிரொலி குறைவு. பொருளாதாரக் கட்டுரைக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் அதிகாரம் இருந்து பணம் இல்லாதவர்கள், படிப்பு இருந்து பணம் இல்லாதவர்கள் இதற்குள் வரமாட்டார்கள்.

'உயரடுக்கு' கணினியின் செல்லப்பிள்ளை. சாதி, பணம், கோபம் எதுவும் இதில் இல்லை. நடுநிலை என்று நினைத்து எடுக்கிறோம், கிடைப்பது வெறுமை. இதுவரை ஒரு மனிதர் வாயிலிருந்து பேச்சில் இந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அடுக்கு என்ற படிமம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களில்கூட வேறு சொல் நிலைத்துவிட்டது. மண்டல் வழக்கில் 1992 நவம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்களை விலக்கச் சொன்னது. அந்தக் 'கிரீமி லேயர்' தமிழில் அப்படியேயும் 'வளமான பிரிவினர்' என்றும் வழங்குகிறது. அதை உயரடுக்கு என்று எழுதினால் பிற்படுத்தப்பட்ட சமூகத்தின் ஒரு பகுதி நாட்டின் உச்சியில் இருப்பதாக வாசகர் நினைப்பார்.

இந்த வகையில் வெளிநாட்டிலிருந்து ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ஜப்பானில் 'எரீட்டோ' என்ற கடன்சொல் பெரும்பாலும் மரியாதையானது. நல்ல பல்கலைக்கழகம், நல்ல வேலை. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். காயம்பட்டு மருத்துவமனையில் இருந்த அவரை உடனே கைது செய்யவில்லை. மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்துக்கு 'எரீட்டோ' போதவில்லை. 'ஜோக்யூ கொகுமின்', அதாவது மேல்நிலைக் குடிமக்கள், என்ற சொல் நாடெங்கும் பரவியது. இதை மொழிபெயர்க்க மேட்டுக்குடிதான் சரி. மேல்தட்டு என்றால் கோபம் ஆறிப்போய்விடும்.

## விட்டுக்கொடுக்காதவர்கள்

இங்கே கேள்வி அதிகாரம். சோவியத் நாட்டில் 'நொமென்கிளத்தூரா' என்றார்கள்: பெயர்ப்பட்டியல். கட்சியின் ஒப்புதலோடு மட்டுமே நிரப்பப்படும் பதவிகளின் பட்டியலும், அவற்றுக்கு ஏற்றவர்களின் பட்டியலும் இருந்தன. பட்டியலில் இருப்பவருக்குத் தனிக்கடை, தனி மருத்துவமனை, ஊருக்கு வெளியே வீடு. இதைத் தமிழில் 'பட்டியலினர்' என்று எழுதவே முடியாது. நம்மிடம் பட்டியல் இனத்தவர் என்றால் ஒடுக்கப்பட்டவர்கள். அங்கே மேலே இருப்பவரைப் பட்டியல் போட்டார்கள், இங்கே கீழே தள்ளப்பட்டவரை. ஒலிபெயர்த்துவிட்டு 'கட்சி அதிகார வர்க்கம்' என்று விளக்குவதே வழி.

தாய்லாந்தில் 2010இல் செஞ்சட்டைப் போராட்டக்காரர்கள் தங்களைப் 'பிரை', அதாவது பழங்காலத்தில் மேலிருந்தவர்களுக்குக் கட்டாய ஊழியம் செய்த சாதாரணக் குடிகள், என்றும் எதிர்த்தரப்பை 'அம்மாத்' என்றும் அழைத்தார்கள். அம்மாத் வடமொழி அமாத்தியரேதான்: அரசனுக்குப் பக்கத்தில் இருப்பவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்வாஹிலி பேசுகிறவர்கள் இனப்பெயர்களுக்கு முன்னால் வரும் 'வா' என்ற முன்னொட்டைப் பென்ஸ் காரோடு சேர்த்து 'வாபென்சி' என்று ஒரு புதிய இனத்தையே உண்டாக்கினார்கள். பென்ஸ் காரில் போகிற இனம்!

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஸ்பானிய மொழியின் 'காஸ்தா'. வம்சம், பிறப்பு என்ற பொருளில் ஸ்பானியம், போர்ச்சுகீசியம் ஆகிய ஐபீரிய மொழிகளில் இருந்த இந்தச் சொல்லைப் போர்ச்சுகீசியர் இந்தியாவுக்கு வந்தபோது நம் சாதிக்குச் சூட்டினார்கள். ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. இப்போது அதே சொல் ஸ்பெயினில் 2014இல் பொதேமோஸ் கட்சியின் வாயிலும், அர்ஜென்டினாவில் 2023 அதிபர் தேர்தலில் வேட்பாளர் மிலேயின் வாயிலும் அரசியல்வாதிகளைத் திட்டும் சொல்லாக வந்தது. ஒருவர் இடதுசாரி, மற்றவர் அதற்கு நேர் எதிர். இதைத் தமிழில் 'சாதி' என்று போட்டால் அர்ஜென்டினாவில் சாதி இருக்கிறதா என்று வாசகர் கேட்பார். 'ஆளும் கூட்டம்' என்றால் கோபமும் வருகிறது, குழப்பமும் இல்லை.

தமிழில் இந்தக் குடும்பத்தின் மூத்த சொல் 'ஆதிக்க' என்ற அடைமொழி. இதைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து ஆதிக்க சாதி என்ற கருத்தை முன்வைத்தபோது அவர் காட்டியது ஒக்கலிகரை. சடங்கு வரிசையில் அவர்கள் உச்சியில் இல்லை. நிலமும் எண்ணிக்கையும் ஊர்ப் பஞ்சாயத்தும் அவர்களிடம் இருந்தன. உயர்சாதி என்பதை அழித்துவிட்டு அதே இடத்தில் ஆதிக்க சாதி என்று எழுதினால் எல்லா இடத்திலும் பொருந்தாது. சில ஊர்களில் அவை இரண்டு வெவ்வேறு கூட்டங்கள்.

## ஒரே பார்வையில்

| சொல் | மேலே போன வழி | யார் வாயில் | சாதி எதிரொலி | எங்கே போடலாம் | எங்கே உதைக்கும் |
|---|---|---|---|---|---|
| தேர்ந்த / உயர்குழாம் | தேர்வு, திறமை | துறையினர் | இல்லை | விளையாட்டு, படை, அரசறிவியல் | பிறப்பு வசதியை மறைக்கும் |
| உயர்குடி | பிறப்பு | அவர்களே | அதிகம் | சட்டப்படி பிரபுக்கள் இருந்த காலம் | இன்றைய இந்தியா |
| மேட்டுக்குடி | சொல்லாது | கீழிருந்து பார்ப்பவர் | ஓரளவு | விமர்சனம், கோபம் | அறிக்கை, பாடநூல் |
| மேல்தட்டு | பணம் | எல்லோரும் | குறைவு | பொருளாதாரம் | அதிகாரம் பற்றிய பேச்சு |
| உயரடுக்கு | சொல்லாது | கணினி | இல்லை | அரிது | பெரும்பாலான இடங்களில் |
| ஆதிக்க / ஆளும் கூட்டம் | அதிகாரம் | எதிர்ப்பவர் | சூழலைப் பொறுத்தது | அரசியல் | பணமும் படிப்பும் மட்டும் உள்ளவர்கள் |

'எலீட்' என்று அப்படியே எழுதுவதும் ஒரு வழி. உரையாடலில், கதையில், நகரத்துப் பாத்திரம் பேசும்போது அது இயல்பு. கட்டுரையில் என்றால் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறோம் என்றுதான் பொருள். பேச்சுத் தமிழின் 'பெரிய இடம்' என்பதையும் மறந்துவிடாதீர்கள். 'அது பெரிய இடத்துச் சமாச்சாரம்' என்றால் பணம், பதவி, செல்வாக்கு மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்.

## 'சலுகை பெற்றவர்கள்' வேண்டாம்

இதையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். பிறருக்கு இல்லாத தனி வசதியைக் குறிக்கும் 'பிரிவிலேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'சலுகை' என்று போடுவது நம் சூழலில் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் சலுகை என்றால் பேருந்துக் கட்டணச் சலுகை, கல்விக் கட்டணச் சலுகை. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் அதைக் குறிக்கப் பயன்படுத்துவதும் இந்தச் சொல்லைத்தான். 'சலுகை பெற்ற வகுப்பினர்' என்று படிப்பவர் மேலே இருப்பவரை நினைக்கமாட்டார். உதவித்தொகைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளையை நினைப்பார்.

'பிரிவிலேஜ்' என்பதன் லத்தீன் மூலத்தின் பொருள் 'தனி ஆளுக்கான சட்டம்'. 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பிரெஞ்சுத் தேசிய அவை ஒழித்தது அப்படிப்பட்ட சட்டங்களைத்தான். அதற்குத் 'தனியுரிமைகள்' என்று எழுதலாம். சட்டமன்ற உறுப்பினருக்கு உள்ள 'பிரிவிலேஜ்' என்பதைத் தமிழில் 'உரிமை' என்றே சொல்கிறோம். அதனால்தான் 'உரிமை மீறல்' என்கிறோம். இன்றைய சமூகப் பொருளில், கேட்காமலே கிடைத்துவிடுகிற வசதியைக் குறிக்க, 'பிறப்பிலேயே கிடைத்த வசதி' என்று நீட்டி எழுதுவதில் தவறே இல்லை.

அண்மையில் ஒரு கட்டுரையைத் திருத்தியபோது 'உயரடுக்கு மாணவர்கள்' என்று வந்தது. மூலத்தைப் பார்த்தேன். அங்கேயும் விளக்கம் இல்லை. நான்கு பத்தி தள்ளிப் படித்தபோதுதான் தெரிந்தது, பெற்றோர் அதே பல்கலைக்கழகத்தில் படித்ததால் இடம் கிடைத்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. 'அப்பா அம்மா படித்த இடத்திலேயே இடம் கிடைத்த மாணவர்கள்' என்று மாற்றினேன். இரண்டு சொல் இருந்த இடத்தில் ஏழு சொல் ஆகிவிட்டது. மொழிபெயர்த்தவர் முதலில் தயங்கினார், அப்புறம் அப்படியே விட்டுவிட்டார்.